யானைமுள்ளியின் பல்

டயர் வெடித்த சத்தத்தில் பஸ்ஸிலிருந்த எல்லோரும் ஒரு நொடியில் மறைந்துபோனார்கள். இருக்கைகளுக்கு அடியிலும் நடைவழியிலும் தலையைக் கவிழ்த்துக் கிடந்தார்கள். நான் மட்டும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூத்துக்குடியில் டயர் வெடித்தால் அப்படித்தான் செய்வோம். எந்தச் சக்கரம் என்று பார்ப்போம். பக்கத்து இருக்கை அம்மாள் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

"குனியுங்கோ பிள்ளை, குனியுங்கோ!"

நூறு அடி தள்ளி ஒரு காவலரண் இருந்தது. மணல் மூட்டைகளுக்கு மேலே இரண்டு துப்பாக்கிகள் எங்கள் பக்கம் திரும்பியிருந்தன. டிரைவர் இரண்டு கைகளையும் கதவுக்கு வெளியே நீட்டி, வெடித்தது டயர்தான் என்று சிங்களத்தில் கத்தினார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எல்லோரையும் பைகளோடு இறங்கி வரிசையில் நிற்கச் சொன்னார்கள்.

என் பையில் வெர்னியர் அளவுகோல், பூதக்கண்ணாடி, பல் டாக்டர்கள் வைத்திருக்கும் கொக்கி ஊசிகள் நான்கு, பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்று. மீசை சரியாக முளைக்காத ஒரு சிப்பாய் அளவுகோலை வெளியே எடுத்து, அதன் இரண்டு அலகுகளையும் விரித்து மூடினான். ஏதோ கேட்டான். வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் மொழிபெயர்த்தார்.

"இதாலை என்னத்தை அளக்கிறது எண்டு கேக்கிறார்."

"சங்கு."

"ஊதுற சங்கோ?"

"இல்லை. கடல் நத்தை ஓடு. நான் காலேஜில் விலங்கியல் சொல்லித்தருகிறேன்."

அவர் அதைச் சொன்னார். சிப்பாய் என் பாஸ்போர்ட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒரு வாக்கியம் சொன்னான். வரிசையில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"உங்கட நாட்டிலை நத்தை இல்லையோ எண்டு கேக்கிறார்."

இருக்கிறது. நிறையவே இருக்கிறது. ஆனால் நான் தேடி வந்த வகை மட்டும் அங்கே இல்லை.

முள்ளிச் சங்கு என்று எங்கள் பக்கத்தில் சொல்வோம். ஓட்டின்மேல் கிளைகிளையாக முள் விடுகிற நத்தை. அதில் பல இனங்கள். எங்கள் காலேஜ் அலமாரியில் பெரிய யானைமுள்ளி முதற்கொண்டு பத்துப் பன்னிரண்டு வகை வைத்திருக்கிறேன். கிளைகளின் நுனி மட்டும் ரோஜா நிறத்தில் இருக்கும் ஒன்றை, ரோஜாக்கிளை என்று நானாகப் பெயர் வைத்துக்கொண்டதை, படத்தில் மட்டுமே பார்த்திருந்தேன். இலங்கைக் கடலில் கிடைப்பது அழகில் தனி என்பார்கள். சென்னையில் ஒரு கருத்தரங்கில் பழக்கமான மனோகரி, திருகோணமலையில் விலங்கியல் ஆசிரியை, என்னைவிட ஆறேழு வயது இளையவள். கிண்ணியாவில் தனக்குத் தெரிந்த ஒரு மீனவர் இருக்கிறார், அவர் தேடிப் பார்க்கிறேன் என்கிறார் என்று எழுதியிருந்தாள். விடுமுறை வந்ததும் புறப்பட்டுவிட்டேன்.

போர்நிறுத்தம் இன்னும் முறியவில்லை என்று இரண்டு தரப்பும் சொல்லிக்கொண்டிருந்த, ஊரில் ஒருவரும் அதை நம்பாத நாட்கள் அவை.

பஸ் நிலையத்தில் மனோகரி நின்றிருந்தாள். கடிதங்களில் பக்கம் பக்கமாகப் பேசுகிறவள், ஆட்டோவில் ஒரு வார்த்தை பேசவில்லை. தெருவோரத்தில் புள்ளிமான்கள் இரண்டு குப்பையைக் கிளறி வாழைப்பழத் தோல் தின்றுகொண்டிருந்தன. எங்கள் ஊரில் மாடு செய்கிற வேலையை இங்கே மான் செய்கிறது என்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. சந்திக்குச் சந்தி ஒரு காவலரண். ஒவ்வொன்றிலும் ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்து உள்விளக்கைப் போட்டார்.

வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் சொன்னாள்.

"வசந்தா அக்கா, முதல்லை தேத்தண்ணியைக் குடியுங்கோ. பிறகு சொல்லுறன்."

"இப்பவே சொல்லு."

"நஸீரைப் பிடிச்சுப் போட்டாங்கள். மூண்டு நாளாகுது."

நஸீர்தான் அந்த மீனவர். எனக்காக ஒரு முள்ளிச் சங்கை எடுத்துக்கொண்டு மனோகரி வீட்டுக்கு வந்துகொண்டிருந்திருக்கிறார். நகரத்துக்குள் நுழையும் இடத்தில் பையைச் சோதித்தபோது சங்கு இருந்தது. தண்ணீருக்குள் பார்க்கும் கண்ணாடி ஒன்றும் இருந்தது. வலை கல்லில் சிக்கினால் இறங்கி எடுப்பதற்காக அவர் எப்போதும் வைத்திருப்பது. மூன்றாவதாக ஒரு காகிதம்.

"என்ன காகிதம்?"

மனோகரி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "நீங்கள் எனக்கு எழுதின கடிதம். படம் கீறியிருந்தீங்களே, அந்தத் தாள். அடையாளம் பாக்க லேசா இருக்கும் எண்டு அவரிட்டை அப்பிடியே குடுத்தனான். என்ரை பிழைதான்."

அந்தத் தாளில் என்ன எழுதினேன் என்று எனக்கு வரிக்கு வரி நினைவிருந்தது. 'இது ஆழத்தில் பாறை இடுக்குகளில் இருக்கும். வலையில் வருவது அபூர்வம். முக்குளிப்பவர்கள்தான் எடுக்க முடியும். கிடைத்தால் சதையை எடுக்க வேண்டாம், கழுவ வேண்டாம், அப்படியே வேண்டும்.'

"துறைமுகத்துக்குள்ளை சுழியோடி எடுத்தவர் எண்டு பொலிசிலை எழுதியிருக்கினமாம்," என்றாள் மனோகரி. "நேவியின்ர இடம். சாதாரண ஆக்கள் இறங்க ஏலாது. சுழியோடி எண்டால் இஞ்சை வேறை அர்த்தம், அக்கா. கப்பலுக்குக் கீழை குண்டு கட்டுறவங்களும் சுழியோடிதான்."

நஸீர் அதைக் குச்சவெளிப் பக்கம், தனக்கு அனுமதி இருந்த இடத்தில், அடிவலையில் எடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். குச்சவெளி வடக்கே, கரையோரப் பாதையில் பஸ்ஸில் போகிற தூரம். ஒருவரும் காதில் வாங்கவில்லை. வலையில் வராது என்றுதான் காகிதத்தில் எழுதியிருக்கிறதே.

இடியப்பமும் சொதியும் வைத்தாள். எனக்கு இறங்கவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும்: காலையில் முதல் பஸ்ஸில் திரும்பிவிடலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். கடிதத்தின் கீழே என் பெயரும் காலேஜ் முகவரியும் இருந்தன. அன்னிய நாட்டுக்காரி. கையில் வெர்னியர். என் கணவருக்கு நான் எங்கே தங்கியிருக்கிறேன் என்பதுகூடச் சரியாகத் தெரியாது.

மனோகரி என் முகத்தில் அதைப் படித்துவிட்டாள். "நீங்கள் போறதெண்டால் நான் ஒண்டும் சொல்லமாட்டன். ஆனால் போக முதல் நஸீரின்ரை மனிசியை ஒருக்காப் பாத்திட்டுப் போங்கோ."

மறுநாள் காலை கிண்ணியா புறப்பட்டோம். தண்ணீர் ஓரத்தில் மனோகரி, "கெதியா, பாதையிலை ஏறுங்கோ" என்றாள். எந்தப் பாதையில் என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். முன்னால் தண்ணீர்தான் இருந்தது. அதில் பஸ், சைக்கிள், ஆடு, ஆள் எல்லாம் ஏற்றிக்கொண்டு ஒரு இரும்பு மிதவை நின்றது. அதற்குப் பெயர்தான் பாதை. ஏறி நின்ற பிறகு எனக்கே சிரிப்பு வந்தது. கொஞ்ச தூரத்தில் கடற்படைப் படகு ஒன்று எங்களை உரசுகிற மாதிரி வந்து திரும்பிப் போனது. மிதவையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அது போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

நஸீரின் மனைவி பரீதா வாசலிலேயே நின்றாள். முப்பது வயதுக்குமேல் இருக்காது. பின்னால் இரண்டு பெண் குழந்தைகள். மனோகரி என்னை யாரென்று சொன்னாள். பரீதா நாற்காலியைக் காட்டவில்லை.

"நீங்கதானா அந்தக் காகிதம் எழுதின டீச்சர்?"

"ஆமாம்."

"அவருக்குத் தமிழ் வாசிக்க வராது. நான்தான் வாசிச்சுக் குடுத்த. படத்தப் பாத்து, இது வலையில வாற சாமான்தானே, டீச்சர் ஏன் சுழியோடோணும் எண்டு எழுதிரிக்கா எண்டு சிரிச்சார். ஒரு கிழமை வந்த முள்ளுச் சங்கையெல்லாம் தூக்கி வீசாம வச்சி வச்சிப் பாத்தார். இதுதான் கொப்பு நல்லா இரிக்கி எண்டு கொண்டு போனார்." அவள் நிறுத்தினாள். "காசுக்கும் இல்ல. மனோகரி டீச்சர் மூத்தவளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கிறா, அந்த மரியாதைக்கு."

எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. 'வலையில் வாற சாமான்.' வந்த முள்ளிகளையெல்லாம் பார்த்தாராம். எங்கள் தூத்துக்குடியில் நண்டு வலையில் சிக்கி, வலையைக் கிழித்து, மீனவர்களிடம் வசை வாங்குகிற முள்ளி எது என்று எனக்குத் தெரியும்.

"பரீதா, சங்கு எவ்வளவு பெரிசு?"

அவள் கையை மூடி முஷ்டியைக் காட்டினாள். "இதவிடக் கொஞ்சம் பெரிசு."

"வாய்ப்பக்கம் எப்படி இருந்தது? ஓரத்தில் முள் மாதிரி, பல் மாதிரி ஏதாவது?"

"சேறு அப்பி இரிந்திச்சி. நீங்கதானே கழுவ வேணாம் எண்டு எழுதின."

வளர்ந்த ரோஜாக்கிளையும் அந்த அளவுதான். இளம் யானைமுள்ளியும் அந்த அளவுதான். பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது.

"நான் நாளைக்குப் போய் அதைப் பார்க்கிறேன்" என்றேன். பரீதா உள்ளே போய் மூன்று கோப்பையில் பிளேன்டீ கொண்டுவந்தாள். கூடவே சீனி ஒரு கிண்ணத்தில். அதை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு குடிக்க வேண்டும் என்று மனோகரி காட்டித் தந்தாள்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கே நாங்கள் மூவரும் காவல் நிலையத்தில் இருந்தோம். பதினொன்று வரை பெஞ்சில். எதிரே சுவரில் துறைமுகத்தின் வரைபடம்; சிவப்பு மையால் பெரிய வளையம் போட்டிருந்தது. பரீதா அதைப் பார்க்காமல் இருப்பதற்காகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொறுப்பதிகாரி ஐம்பது வயதுக்காரர், கண்ணாடி போட்டவர். அவர் கேட்பதை ஒரு கான்ஸ்டபிள் தமிழில் சொன்னார். சிலவற்றை அதிகாரியே ஆங்கிலத்தில் கேட்டார். பாஸ்போர்ட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். இழுப்பறையிலிருந்து நான்காக மடித்த என் கடிதத்தை எடுத்து மேசையில் விரித்தார்.

"இது உங்கள் கையெழுத்தா?"

"ஆமாம்."

"எங்கள் துறைமுகத்தில் ஆள் வைத்து மூழ்கச் சொல்லியிருக்கிறீர்கள்."

"துறைமுகம் என்று எழுதவில்லை. நான் இந்த ஊருக்கே நேற்று முந்தாநாள்தான் வந்தேன்."

"முக்குளிப்பவர்கள் என்று எழுதியிருக்கிறதா, இல்லையா?"

"எழுதியிருக்கிறது."

கான்ஸ்டபிள் அதை மொழிபெயர்க்கவே இல்லை. தேவைப்படவில்லை. மனோகரியின் முழங்கால் மேசைக்கு அடியில் என் முழங்காலில் இடித்தது.

"ஐயா, அந்தச் சங்கை நான் பார்க்கலாமா? நான் கேட்டதைத்தான் அவர் கொண்டுவந்தாரா என்று தெரிய வேண்டும்."

அதிகாரி கொஞ்சம் யோசித்தார். ஒரு ஆளை அனுப்பினார். அவன் வருவதற்கு முன்பே வாடை வந்துவிட்டது. ஐந்து நாளாகச் செத்த சதையோடு பாலிதீன் பையில் கட்டி வைத்திருந்தார்கள். கான்ஸ்டபிள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். அதிகாரி நாற்காலியைப் பின்னால் தள்ளினார். பரீதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு மட்டும் அந்த நாற்றம் தைரியம் தந்தது. என் வேலையின் நாற்றம் அது.

பையைப் பிரித்தேன். கிளைகளின் நுனியெல்லாம் இளஞ்சிவப்பு.

எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். அந்த ஒரு நொடி நான் சந்தோஷப்பட்டேன். வாசலுக்கு அப்பால் ஒரு மனிதன் அடைபட்டிருக்கிறான், அவன் மனைவி என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள், எனக்கோ பத்து வருஷமாகத் தேடியது கையில் வந்துவிட்டது என்று உடம்பெல்லாம் குளிர்ந்தது. அடுத்த நொடி, இது ரோஜாக்கிளையாக இருந்தால் நான் வாயைத் திறக்கும்போதே நஸீரின் கதை முடிந்தது என்று புரிந்தது.

ஒரு வாளி தண்ணீர் கேட்டேன். முற்றத்தில் வைத்துச் செய்யச் சொன்னார்கள். ஒரு சிப்பாய் துப்பாக்கியோடு பக்கத்தில் நின்றான். அதிகாரியும் வந்து வாசல் நிழலில் நின்றுகொண்டார்.

முதலில் நிறம். ஒரு கிளையின் நுனியைப் பிரஷால் தேய்த்தேன். போகவில்லை. ஊசியால் மெதுவாகச் சுரண்டினேன். இளஞ்சிவப்பு செதிலாகப் பெயர்ந்து வந்தது. அடியில் அழுக்கு வெள்ளை. கடலடியில் கல்லின்மேல் சுண்ணாம்பு மாதிரிப் படர்கிற ஒருவகைப் பாசி. அதுதான் ரோஜா நிறம் காட்டியிருக்கிறது. இன்னொரு கிளை. அதுவும் அப்படியே. ஆனால் நிறம் மட்டும் போதாது. நிறம் வெளுக்கும், மங்கும். அதிகாரி நம்ப வேண்டுமானால் கையால் தொட்டுப் பார்க்கக்கூடியது ஏதாவது வேண்டும்.

ஓட்டைத் திருப்பித் திருப்பி எண்ணினேன். ஒரு சுற்றுக்கு மூன்று வரம்பு, கிளைகள் முளைப்பது அந்த வரம்புகளில். இரண்டு இனத்துக்கும் மூன்றுதான். வரம்புகளுக்கு இடையில் ஒரு பெரிய புடைப்பு. உடம்பு உருண்டு அகன்றது. ரோஜாக்கிளை இன்னும் ஒடுங்கியிருக்கும். ஓட்டைச் சுற்றி நூல் மாதிரி ஓட வேண்டிய கரும்பழுப்புக் கோடுகளும் நெருக்கமாக இல்லை. இனி வாய்.

வாயில் காய்ந்த சேறும் சதையும் சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தன. சதையை மூடியோடு சேர்த்துக் கொக்கியால் இழுத்தேன். சிப்பாய் இரண்டடி தள்ளிப் போனான். உள்ளே வெள்ளை, ஓரத்தில் மட்டும் மெல்லிய ரோஜாச் சாயல். பிறகு வெளி உதட்டின் கீழ்ப்பகுதி. அங்கேதான் இருக்க வேண்டும். சேற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. இன்னும் கொஞ்சம். வெயில் பிடரியில் சுட்டது. ஊசி கடினமான எதிலோ உரசி நின்றது. தண்ணீர் ஊற்றினேன். சேறு கரைந்து வழிந்தது. உதட்டோரத்திலிருந்து முன்னுக்கு நீட்டிக்கொண்டு, குழந்தையின் கோரைப்பல் மாதிரி ஒன்று தெரிந்தது.

"ஐயா, என் கடிதத்தின் கடைசி வரியை யாராவது வாசிக்க முடியுமா?"

கான்ஸ்டபிள் தாளை எடுத்து வந்து நிமிர்த்திப் பிடித்தார். தமிழில் வாசித்துவிட்டுச் சிங்களத்தில் சொன்னார். நான் எழுதியிருந்தது இதுதான்: 'வாயின் வெளி ஓரத்தில் ஒரு பல் நீட்டிக்கொண்டிருந்தால் அது வேண்டாம். அது யானைமுள்ளி. எங்கள் ஊரிலேயே வலையில் வந்து குவிகிறது.'

அதுவரை அந்த வரியை யாரும் அதிகாரிக்கு மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கவில்லை. முக்குளிப்பது பற்றிய வரியோடு நிறுத்திவிட்டார்கள். அதிகாரி முற்றத்துக்கு இறங்கி வந்தார். ஓட்டை அவர் பக்கம் நீட்டினேன். மூச்சை அடக்கிக்கொண்டு கட்டைவிரலை உதட்டோரத்தில் வைத்துத் தடவினார். பல்லில் விரல் தட்டியது எனக்கே தெரிந்தது. இன்னொரு முறை தடவினார்.

"அப்படியானால் அவன் தவறான ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறான்."

"ஆமாம். இது யானைமுள்ளி. இளசு. இன்னும் மூன்று மடங்கு வளரும். இதற்கு யாரும் மூழ்க வேண்டியதில்லை. வலையில் தானாகச் சிக்கும். சிக்கினால் எடுப்பதுதான் கஷ்டம்."

பரீதா எழுந்து வாசற்படிக்கு வந்துவிட்டிருந்தாள். அதிகாரி கையைக் கழுவிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்கிற மாதிரி ஆங்கிலத்தில் கேட்டார்.

"இந்த யானைமுள்ளி எங்கள் துறைமுகத்துக்குள்ளும் இருக்குமா?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் முடிந்துவிடும். அங்கே அதை மறுக்க யாருக்கும் தெரியாது. மனோகரிக்குத் தெரியும்; அவள் ஒருநாளும் சொல்லமாட்டாள். கான்ஸ்டபிள் கேள்வியைத் தமிழில் திருப்பிச் சொன்னார். பரீதாவும் இப்போது என் வாயைப் பார்த்தாள்.

எனக்குத் தோன்றியது இவ்வளவுதான்: இவர் ஏற்கெனவே யாரிடமாவது கேட்டிருந்தால்? இது ஒன்றில் பொய் என்று பிடிபட்டால் பல்லும் பொய்யாகிவிடும். அதையும் தாண்டி, ஒரு ஓட்டைப் பற்றி இருபது வருஷமாக நான் பொய் சொன்னதில்லை. எது முதல் காரணம் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

"இருக்கும்" என்றேன்.

வாசற்படியில் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை.

"துறைமுகத்தில் இருக்கும். குச்சவெளியில் இருக்கும். தூத்துக்குடியில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குவித்து வைத்திருக்கிறார்கள். எங்கே எடுத்தது என்று இந்த ஓட்டைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது, யாராலும் முடியாது. மூழ்கித்தான் எடுத்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் காரணம் என் கடிதம். என் கடிதம் வேறொரு சங்கைப் பற்றியது. அதை மட்டும்தான் என்னால் சொல்ல முடியும்."

அதிகாரி உள்ளே போய், நான் சொன்னதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். பாஸ்போர்ட் எண்ணோடு எழுதினேன். ஓட்டின் படமும் வரைந்து பல்லுக்கு ஒரு அம்புக்குறி போட்டேன். நாளைக்கு வாருங்கள் என்றார். பாஸ்போர்ட்டைத் திருப்பித் தரவில்லை.

வெளியே வந்ததும் பரீதா எங்களோடு நடக்கவில்லை. தெருவின் மறுபக்கத்தில் தனியாக நடந்தாள்.

அன்று மாலை மனோகரி மாலு பணிஸ் வாங்கி வந்தாள். மீன் வைத்த பன். எங்கள் பக்கத்தில் பன்னுக்குள் மீன் வைப்பதை யாரும் யோசித்திருக்கமாட்டார்கள். நன்றாகத்தான் இருந்தது. பாதியில் வைத்துவிட்டேன். தெருவில் ஒவ்வொரு வாகனம் நிற்கும்போதும் நாங்கள் பேச்சை நிறுத்தினோம். மிதவையில் போன ஆட்கள் நிறுத்திய மாதிரியே நானும் நிறுத்தப் பழகிவிட்டேன் என்று பிறகுதான் கவனித்தேன்.

நான்காம் நாள் பத்து மணிக்கு நஸீரை வெளியே விட்டார்கள். எச்சரிக்கை, வாராவாரம் வந்து கையெழுத்து, கடலுக்குப் போகும் அனுமதி அட்டை மறு அறிவிப்பு வரை அவர்கள் கையில். தண்ணீருக்குள் பார்க்கும் கண்ணாடியும் திரும்பி வரவில்லை. என் பாஸ்போர்ட்டைத் தந்தார்கள். நாற்றத்தைத் தாங்க முடியாமல் சங்கையும் தந்துவிட்டார்கள். நஸீர் ஒல்லியான மனிதர். வெயிலுக்கு முகத்தைச் சுருக்கிக்கொண்டு வந்தார். பரீதா அவர் கையைப் பிடிக்கவில்லை. சட்டையின் ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டாள். ஆட்டோவிலும் மிதவையிலும் அதை விடவில்லை.

பகல் சாப்பாட்டுக்கு எங்களைப் போகவிடவில்லை. பாயில் உட்காரவைத்துச் சோறும் மீன் ஆணமும் வைத்தாள் பரீதா. தேங்காய்ப்பால் விட்ட குழம்பு, எங்கள் புளிக்குழம்புக்கு நேர் எதிர். இரண்டாம் தடவை சோறு போட வந்தவள் அகப்பையோடு என் முன்னால் நின்றாள்.

"டீச்சர், நீங்க இரிக்கும் எண்டு சொன்ன உடன என்ட உசிரே போயிட்டு. ஒங்களப் புடிச்சி அடிக்கோணும் போல இரிந்திச்சி."

"தெரியும்."

"இன்னும் கொஞ்சம் இரிக்கி அந்தக் கோவம்," என்று சொல்லி, தட்டு நிறையச் சோறு போட்டாள். "சாப்பிடுங்க."

திரும்பும்போது நஸீர் கரை வரைக்கும் எங்களோடு வந்தார். சங்கைக் கழுவிக் காயவைத்து, பழைய துணியில் சுற்றி என்னிடம் தந்தார். தேடி வந்தது இல்லாவிட்டாலும் கொண்டு போங்க என்றார். மனோகரி முன்னால் போய் ஏறிக்கொண்டாள். மிதவை புறப்பட நேரமாகியிருந்தது. நஸீர் என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், இது எங்க எடுத்தது எண்டா..."

"வேண்டாம்" என்றேன். "சொல்லாதீங்க. எனக்குத் தெரிய வேண்டாம்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். காவல் நிலையத்திலிருந்து வந்தபோதுகூட அந்த முகத்தில் அப்படியொரு களைப்பு இல்லை.

"குச்சவெளி எண்டுதான் டீச்சர் சொல்ல வந்த. கலங்கரைக்கு இஞ்சால, எட்டுப் பாகம் ஆழத் தண்ணியில. நீங்களும் நம்பல்லியா?"

மனோகரி கூப்பிட்டாள், ஓடிப்போய் ஏறினேன். இயந்திரம் முழங்கியது, மிதவை நகர்ந்தது. "நம்புறேன்" என்று கத்தினேன். அவருக்குக் கேட்டிருக்காது. கையை உயர்த்தினார், அது பதிலா, வழியனுப்பலா என்று தெரியவில்லை. தண்ணீர் அகலமாகிக்கொண்டே போனது.

எங்கள் காலேஜ் அலமாரியில் ஒவ்வொரு ஓட்டுக்கும் ஒரு சீட்டு உண்டு. இனம், இடம், ஆழம், எடுத்தவர். இடம் நிச்சயமில்லை என்றால் காலியாக விட வேண்டும். மாணவிகளுக்கு அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். ஊர் வந்து சேர்ந்த அன்றே உட்கார்ந்து எழுதினேன். யானைமுள்ளி, இளையது. குச்சவெளி, கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே. ஆழம் எட்டுப் பாகம், அடிவலை. எடுத்தவர் நஸீர், கிண்ணியா மீனவர்.

சீட்டின் நகல் ஒன்றை மனோகரிக்கு அனுப்பி, பரீதாவிடம் கொடுத்து நஸீருக்கு வாசித்துக் காட்டச் சொல் என்று எழுதினேன். கடிதம் போய்ச் சேர்வதற்குள் போர் மீண்டும் மூண்டு கடற்கரைச் சாலையெல்லாம் மூடிவிட்டார்கள். பரீதா வாசித்துக் காட்டினாளா என்று எனக்குத் தெரியாது.